பள்ளிக்கூடத்தில் பொங்கல் பானை: ஒரு குழந்தை மட்டும் ஒதுங்கி நிற்கலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் ஜேடர்பாளையம் வட்டாரத்தில் வெல்ல வாசனை வீசத் தொடங்கிவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிற ஊர் இது. பரமத்தி வேலூர் தாலுகாவைச் சேர்ந்தது. இங்கே காவிரியின் குறுக்கே படுகை அணை இருக்கிறது. அந்த அணையில் இருந்து பிரிகிற ராஜ வாய்க்கால், கரும்புக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தண்ணீர் கொடுக்கிறது.

கரும்பை வெட்டி, ஆலையில் பிழிந்து, பாகு காய்ச்சி வெல்லம் பிடிப்பார்கள். அது மூட்டை மூட்டையாகப் பக்கத்தில் உள்ள பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகும். எத்தனையோ வீடுகளில் பொங்கல் இனிப்பது இந்த வெல்லத்தால்தான்.

இப்போது பொங்கல் வீட்டில் மட்டும் பொங்குவது இல்லை. பள்ளிக்கூடத்திலும் பொங்குகிறது.

லீவு விடுவதற்கு முன்பு, பல ஊர்களில் பள்ளிக்கூட மைதானத்தில் கல் கூட்டி பானை வைக்கிறார்கள். கரும்பு கட்டுகிறார்கள். கோலப் போட்டி நடக்கிறது. பானை பொங்கியதும் "பொங்கலோ பொங்கல்!" என்று பிள்ளைகள் கத்துகிற கத்தலில் கூரையே அதிர்கிறது.

பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா?

ஒரு பையன் சுவர் ஓரமாக நிற்கலாம். ஒரு சிறுமி அன்றைக்குப் பள்ளிக்கூடமே வராமல் இருக்கலாம். அவர்களை யாரும் கவனிப்பது இல்லை. சத்தம் போடுகிற நூறு பிள்ளைகளுக்கு நடுவில், சத்தம் போடாத ஒரு பிள்ளை கண்ணில் படாது.

அரசாங்கப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொதுவானது. எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கிறது. அங்கே ஒரு விழா நடந்து, அதில் சில பிள்ளைகள் சேர முடியாமல் போனால், அந்த விழாவை நடத்தலாமா? நடத்தக் கூடாதா?

ஒவ்வொரு தாயும் தகப்பனும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

யார் ஒதுங்கி நிற்கிறார்கள்?

முதலாவது, மதத்தால் ஒதுங்குகிறவர்கள்.

சாமிக்குப் படைத்த பண்டத்தைச் சாப்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடு சில கிறிஸ்தவக் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் உண்டு. பானைக்கு முன்னால் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துவிட்டு, "இந்தா, சாப்பிடு" என்று கொடுத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வாங்கினால் வீட்டில் திட்டு. வாங்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் கேலி.

இரண்டாவது, வறுமையால் ஒதுங்குகிறவர்கள்.

"நாளைக்கு எல்லோரும் புதுத் துணி உடுத்தி வாருங்கள். ஆளுக்கு 50 ரூபாய் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். கூலி வேலை செய்கிறவர் வீட்டில் அன்று இரவு சண்டைதான். மறுநாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். அது என்ன காய்ச்சல் என்று அதன் தாயாருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, வழக்கத்தால் ஒதுக்கப்படுகிறவர்கள்.

கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியத்துக்கு அழைக்காத பழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. "பானை வைக்க சுமங்கலிகள் வாருங்கள்" என்று பள்ளிக்கூடத்திலேயே அழைத்தால், தகப்பன் இல்லாத பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? சாதியும் அப்படித்தான். சமைத்தது யார், பரிமாறியது யார் என்று கேட்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

நான்காவதாக, இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இப்படி வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நம் மொழியும் புதிது, விழாவும் புதிது.

சட்டம் என்ன சொல்கிறது?

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி நமது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 28-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது.

முழுக்க முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை செய்யக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு.

அரசாங்கத்தின் அங்கீகாரம் அல்லது உதவிப் பணம் பெறும் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. அங்கே நடக்கும் மத போதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கக் கூடாது. சிறு பிள்ளையாக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும்.

இந்த விதி இந்துவுக்கும் பொருந்தும், கிறிஸ்தவருக்கும் பொருந்தும், முஸ்லிமுக்கும் பொருந்தும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இந்துப் பிள்ளையை ஜெபம் செய்யும்படி வற்புறுத்தக் கூடாது என்பதும் இதே விதிதான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் விழாவே கொண்டாடக் கூடாது என்று 28-வது பிரிவில் ஒரு வார்த்தைகூட இல்லை. கட்டாயம் கூடாது என்பதுதான் அதன் கருத்து.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிள்ளைகள்

ஒரு பிள்ளை மற்றவர்களோடு சேராமல் நின்றால் அதைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பலாமா? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

கேரளாவில் கோட்டயம் மாவட்டத்தில் ஓர் அண்ணனும் 2 தங்கைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அவர்கள் "யெகோவா சாட்சிகள்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலையில் தேசிய கீதம் பாடும்போது மூவரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் வாய் திறந்து பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை.

பல காலம் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிறகு ஒரு சட்டசபை உறுப்பினர் இதைக் கவனித்தார். சட்டசபையில் பிரச்சினை கிளம்பியது. விசாரணை நடந்தது. "பிள்ளைகள் ஒழுங்காக நடப்பவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை" என்றே விசாரணையில் தெரிந்தது. இருந்தும் 1985-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி 3 பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்து நீக்கப்பட்டார்கள்.

தகப்பனார் கேரள ஐகோர்ட்டுக்குப் போனார். பலன் இல்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, தத் ஆகியோர் 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி தீர்ப்புக் கூறினார்கள். பிள்ளைகளை நீக்கியது செல்லாது. அவர்களை மறுபடியும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு.

பாடாமல் நிற்பது அவமதிப்பு ஆகாது என்று கோர்ட்டு கருதியது. மனசாட்சிப்படி ஒதுங்கி நிற்கும் பிள்ளையைப் பொறுத்துக்கொள்வது நம் நாட்டின் மரபு என்றும் எடுத்துக்காட்டியது.

தேசிய கீதத்துக்கே இப்படி என்றால், பொங்கல் பானைக்குச் சொல்ல வேண்டுமா?

நாம் சிறு கூட்டமாக இருக்கும் இடத்தில்

தமிழ்நாட்டில் பொங்கல் கொண்டாடுகிறவர்கள் பெரிய கூட்டம். அதனால் ஒதுங்கி நிற்கிற பிள்ளையின் வலி நமக்குச் சீக்கிரம் புரிவது இல்லை. கடல் கடந்து போனால் புரியும். அங்கே நாம்தான் சிறு கூட்டம்.

மலேசியாவில் 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்ததைப் பாருங்கள்.

புச்சோங் என்ற ஊரில் ஓர் அரசாங்க இடைநிலைப் பள்ளிக்கூடம். சீனப் புத்தாண்டுக்காகச் சிவப்பு விளக்குத் தோரணம் கட்டி இருந்தார்கள். இது மத அலங்காரம் என்று ஓர் அரசியல் கட்சிக்காரர் புகார் கொடுத்தார். தோரணத்தைக் கழற்றினார்கள். நாடு முழுவதும் கொதித்தது. துணைப் பிரதமர் வான் அசிசா முதலிய மந்திரிகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனார்கள். தோரணம் மறுபடியும் ஏறியது.

அதே மாதத்தில் பொங்கலுக்கும் சோதனை வந்தது. கல்வி இலாகாவில் இருந்து ஒரு கடிதம் போனது. பொங்கல் இந்துக்களின் சமய விழா, ஆகவே முஸ்லிம்கள் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்ற சமயக் குழுவின் கருத்து அதில் சொல்லப்பட்டு இருந்தது.

மலேசியத் தமிழர்கள் மனம் வருந்தினார்கள். "பொங்கல் அறுவடைத் திருநாள். எல்லோரையும் அழைத்துக் கொண்டாடுகிற விழா. அதற்கு மற்ற பிள்ளைகளை வரக் கூடாது என்பதா?" என்று கேட்டார்கள். பொங்கல் கொண்டாடுவதற்குத் தடை இல்லை என்று கல்வி இலாகா பிறகு விளக்கம் கொடுத்தது.

அந்த வருத்தம் நியாயமானது. ஒரு குடும்பம் தானாக யோசித்து "நாங்கள் வரவில்லை" என்று சொல்வது வேறு. மேலே இருந்து "யாரும் போகாதே" என்று கடிதம் வருவது வேறு.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் வேறு விதமான பிரச்சினை. கிறிஸ்துமசுக்கு அங்கே பள்ளிக்கூட லீவு உண்டு. தீபாவளிக்குக் கிடையாது. இந்தியப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு பள்ளிக்கூடம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வருகைப் பதிவை இழக்க வேண்டும். பல வருஷம் கேட்டார்கள். 2023-ம் ஆண்டு நவம்பரில் மாநில கவர்னர் இதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2024-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி, தீபாவளிக்காக நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதற்கு முன்பே, 2015-ம் ஆண்டில் ரம்ஜான், பக்ரீத் பண்டிகைகளுக்கும் அங்கே லீவு கிடைத்துவிட்டது.

அங்கே நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்டது என்ன? "எங்களையும் கவனியுங்கள்" என்பதுதான். அதையே இங்கே இன்னொரு பிள்ளையின் தகப்பன் கேட்டால், நாம் காது கொடுக்க வேண்டாமா?

விழாவே வேண்டாமா?

"இவ்வளவு தொந்தரவு எதற்கு? பள்ளிக்கூடத்தில் எந்த விழாவும் வேண்டாம். பாடம் மட்டும் நடத்துங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள்.

"ஒரு பிள்ளைக்காக நூறு பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுப்பதா? வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் போகட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள்.

இரண்டு பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது.

விழாவே இல்லாத பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வழி குறைந்துவிடும். அவரவர் வீட்டு விழா, அவரவர் தெரு விழா என்று ஆகிவிடும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பதுகூடத் தெரியாமல் வளர்வார்கள்.

சிங்கப்பூர் இதை அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. 1964-ம் ஆண்டு ஜூலை 21-ந்தேதி அங்கே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் பெரிய கலவரம் மூண்டது. 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் துக்க நாளை மறக்கக் கூடாது என்று, 1997-ம் ஆண்டு முதல் அதே ஜூலை 21-ந்தேதியைப் பள்ளிக்கூடங்களில் "இன நல்லிணக்க நாள்" என்று கொண்டாடுகிறார்கள். சீனப் பிள்ளை சேலை உடுத்தி வரும். தமிழ்ப் பிள்ளை மலாய் உடையில் வரும். ஒருவர் பலகாரத்தை ஒருவர் ருசி பார்ப்பார்கள்.

ஆகவே விழா கூடாது என்பது இல்லை. எப்படி நடத்துகிறோம் என்பதுதான் விஷயம்.

ஒரே பந்தி

இதற்குப் பாடம் படிக்க நாம் வெளிநாடு போகத் தேவை இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அது சாப்பாட்டுப் பந்தி.

நெல்லைச் சீமையில் சேரன்மகாதேவி குருகுலம் என்று ஒரு பள்ளி இருந்தது. தேசபக்தர் வ.வே.சு. அய்யர் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். 1924-25-ம் ஆண்டுகளில் இது பெரும் பிரச்சினை ஆயிற்று. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரே பள்ளியில் இரண்டு பந்தி என்பது பிள்ளைகள் மனத்தில் எத்தனை பெரிய புண் என்பதை நாடு அறிந்தது.

1956-ம் ஆண்டில் முதல்-மந்திரி காமராஜர் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வித்தியாசம் உடையில் தெரியக் கூடாது என்பதே அதன் நோக்கம். 1982-ம் ஆண்டில் முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 2022-ம் ஆண்டில் முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

ஒரே பந்தி, ஒரே சாப்பாடு. தினமும் நடக்கிற சமத்துவ விழா இது.

இதற்கும் தடை வரத்தான் செய்தது. ஜேடர்பாளையத்துக்கு அதிக தூரம் இல்லை, கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர். 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், அங்கே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். செய்தி கலெக்டர் பிரபுசங்கர் காதுக்குப் போனது. அவரே நேரில் போனார். பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மத நம்பிக்கைக்காக ஒரு பிள்ளை பொங்கலை வேண்டாம் என்றால், அது யாரையும் தாழ்த்துவது இல்லை. அதற்கு வழிவிடலாம். சமைத்தவரின் சாதியைச் சொல்லி வேண்டாம் என்றால், அது சமைத்தவரை அவமதிப்பது. அதற்குப் பள்ளிக்கூடம் வழிவிடக் கூடாது.

பானையை எப்படி வைப்பது?

பொங்கல் விழாவில் எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்காமல் இருக்க, ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல.

பூஜை வீட்டோடு இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பானை உழவருக்கு நன்றி சொல்கிற பானையாக இருக்கட்டும். கற்பூரமும் படையலும் இல்லாவிட்டால், சாப்பிடத் தயங்குகிற பிள்ளைகளில் பல பேர் தயங்காமல் வருவார்கள்.

பணம் வசூல் வேண்டாம். புதுத் துணி வேண்டாம். சீருடையே போதும்.

சுமங்கலிகள் மட்டும் என்று அழைக்க வேண்டாம். "தாய்மார்கள் எல்லோரும் வாருங்கள்" என்று அழைக்கலாம். தினமும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற சத்துணவு ஆயாவின் கையாலேயே முதல் அரிசியைப் போடச் சொல்லலாம்.

ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். விருப்பம் இல்லாதவர்கள் காரணம் சொல்லத் தேவை இல்லை. "ஏன் வரவில்லை?" என்று பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு நூலகத்தில் புத்தகமோ, மைதானத்தில் விளையாட்டோ, வேறு ஏதாவது கௌரவமான வேலை கொடுக்கலாம்.

எவ்வளவு பக்குவமாக நடத்தினாலும், சில வீடுகளில் "எங்கள் பிள்ளை வராது" என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அதற்காக முகம் சுளிக்கக் கூடாது. அழைப்பது நம் கடமை. வருவதும் வராததும் அவர்கள் உரிமை.

வடக்கே இருந்து வந்த பிள்ளையை ஒரு ஓரத்தில் உட்கார வைக்காமல், "உங்கள் ஊரில் இந்த நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். அதற்கும் சொல்ல விஷயம் இருக்கும். தை பிறக்கும் அதே நேரத்தில் அசாமில் போகாலி பிகு. பஞ்சாபில் லோரி. குஜராத்தில் பட்டம் விடுகிற உத்தராயணம். பீகாரில் மகர சங்கராந்தி. அன்றைக்கு எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தின்பார்கள். வெல்லம் என்று சொன்னால் ஜேடர்பாளையத்துப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும்!

இதே மரியாதை ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு விழாவுக்கு மைதானம் முழுவதும் பந்தல், இன்னொரு விழாவுக்கு ஒரு மிட்டாய் என்று இருந்தால், பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ரேஷன் கடை காட்டும் வழி

நமது அரசாங்கமே ஒரு வழி காட்டி இருக்கிறது. 2023-ம் ஆண்டு பொங்கலுக்கு, அரிசி வாங்கும் ரேஷன் கார்டுகளுக்கு 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, 1 முழுக் கரும்பு, 1,000 ரூபாய் கொடுத்தார்கள். கியூவில் நின்ற யாரையும் "நீ எந்த மதம்? நீ எந்தச் சாதி?" என்று கேட்கவில்லை. வாங்கியவர் பொங்கல் வைத்தாரா, கரும்பைப் பிள்ளைக்குக் கடிக்கக் கொடுத்தாரா என்றும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொடுப்பது எல்லோருக்கும், கொண்டாடுவது அவரவர் விருப்பம். பள்ளிக்கூடத்துக்கும் இதுவே பொருந்தும்.

இது ஏன் முக்கியம்?

"ஒரு நாள் கூத்துக்கு இத்தனை யோசனையா?" என்று கேட்கலாம்.

அதே 2023-ம் ஆண்டில் ஜேடர்பாளையம் வட்டாரம் அமைதி இழந்து தவித்தது. மே மாதம் ஓர் இரவில், பக்கத்தில் சரளைமேட்டில் உள்ள வெல்ல ஆலையில் வட மாநிலத் தொழிலாளர்கள் தூங்கிய கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டது. 4 பேர் தீக்காயம் அடைந்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு இறந்துபோனார். ஆயிரம் மைல் தாண்டி வந்து, நம் பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சிய கைகள் அவை.

பெரியவர்கள் மனத்தில் பகை ஏறிவிட்டால், இறக்குவது கஷ்டம். போலீஸ் வர வேண்டும். கோர்ட்டு வர வேண்டும். பிள்ளைகள் மனத்தில் அது ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற இடம், ஓர் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றுதான். "இவன் நம்மவன், அவன் வேறு" என்று பிள்ளை முதலில் கற்றுக்கொள்வதும் அங்கே நடக்கலாம். "எல்லோரும் நம்மவர்கள்" என்று கற்றுக்கொள்வதும் அங்கேயே நடக்கலாம்.

அடுத்த தை பிறக்கும். பள்ளிக்கூடத்துக்கு வெல்லமும் பச்சரிசியும் வந்து சேரும். பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பு, தலைமை ஆசிரியர் ஒரு முறை வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக, "இந்தப் பிள்ளை கூச்சம் இல்லாமல் வர முடியுமா? வராவிட்டால் பயம் இல்லாமல் இருக்க முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளட்டும்.

முடியும் என்றால் பானையை ஏற்றலாம். பொங்கல் நன்றாகவே பொங்கும்.